ஃபைபர் பொனட், வெளியே கிளிப் பின், ரோட்டோரம் பார்க்கிங்: இதை எப்படிப் பூட்டுவது?

மரைன்டிரைவ்_ஈகே3:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 1998 ஹொண்டா சிவிக், ஈகே3 மொடல். வாங்கி எட்டு மாதம். எனக்கு முதல் வைத்திருந்தவர் கட்டுக்குருந்தை ரேஸில் ஒன்றிரண்டு தடவை ஓடியிருக்கிறார். அதற்காக இரும்பு பொனட்டைக் கழற்றி ஃபைபர் பொனட் போட்டு, முன்னுக்கு இரண்டு பொனட் பின் (பொனட்டைத் துளைத்து வெளியே வருகிற கம்பி, அதன் ஓட்டையில் கிளிப் மாட்டினால் பொனட் எழும்பாது) வைத்திருக்கிறார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அசல் லொக், டாஷ்போர்டுக்குக் கீழே இழுக்கிற கைப்பிடி, இடையில் ஓடிய கேபிள் எல்லாவற்றையும் பாரம் குறைக்கிறேன் என்று கழற்றி எறிந்துவிட்டார். எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ வந்திருக்கும் என்று அவரைக் கேட்க எனக்கு ஆசை. வாங்கும்போது எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, பின் வைத்த பொனட் பார்க்க எடுப்பாகவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

எங்கள் ஃபிளட்டில் வீட்டுக்கு ஒரு பார்க்கிங்தான். அதில் அப்பாவின் வேகன் ஆர் நிற்கும். என் கார் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் உள்ள ஒழுங்கையில், மதிலோரம். போன கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. பொனட்டைத் தூக்கினால் பற்றரி இல்லை. வயரை வெட்டக்கூட இல்லை, ஸ்பானர் போட்டு வடிவாகக் கழற்றி, போகும்போது இரண்டு பின் கிளிப்பையும் திரும்ப மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவ்வளவு மரியாதையான கள்ளன்.

போலிசில் என்ட்ரி போட்டேன், புதுப் பற்றரி வாங்கினேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் என்ஜின் ஒயில் மூடி கழன்று ஒரு பக்கமாகக் கிடக்கிறது. களவு ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் பற்றரி போனதை விட இதுதான் எனக்குப் பயம். யாராவது சும்மா பார்த்தார்களா, உள்ளே ஏதும் போட்டார்களா என்று தெரியாமல் ஒயிலை முழுக்க இறக்கி ஃபில்டரும் மாற்றினேன்.

நான் யோசித்தவை: சாவி போட்டுப் பூட்டுகிற, பொனட்டோடு மட்டமாக உட்காரும் லொக் வாங்குவது. அல்லது இப்போதைய பின்னின் ஓட்டைக்குள் சின்ன ஆமைப்பூட்டு. அல்லது பழைய லொக்கைத் தேடிப்பிடித்துத் திரும்பப் போடுவது. எது சரி? ஃபைபர் பொனட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள், அதற்குப் பெயின்ட் அடித்துக் காசு கட்டி முடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

பழைய_கராஜ்காரன்:

கழற்று என்றுதான் சொல்லப் போகிறேன் தம்பி, பிறகு கோபித்துக்கொள்.

ரேஸ் காருக்கு ஏன் பொனட் பின் வைக்கிறார்கள் என்று முதலில் விளங்க வேண்டும். அங்கே காரில் நெருப்புப் பிடித்தால், ஓடி வருகிற மார்ஷல், ரேஸில் பாதுகாப்புக்கு நிற்கிறவர், கதவைத் திறந்து கைப்பிடி தேடிக்கொண்டிருக்க முடியாது. வெளியே நின்றபடி, கையுறையோடு, இரண்டு செக்கனில் திறக்க வேண்டும். அதற்காகவே செய்த சாமான் அது. அதாவது முன்பின் தெரியாத ஆளும் வெளியே இருந்து கெதியாகத் திறக்கலாம் என்பதுதான் அதன் வேலை. அதைக் கொண்டுவந்து இரவில் ஒழுங்கையில் நிறுத்திவிட்டுக் கள்ளன் வந்தான் என்றால்?

பஞ்சிகாவத்தைக்குப் போ. ஈகே காரின் பாடியை வெட்டிப் பிரித்து விற்கிற கடைகள் இருக்கின்றன. லொக், கேபிள், கைப்பிடி, பொனட்டில் வருகிற கொக்கி நான்கையும் ஒரே காரிலிருந்து கழற்றியதாகக் கேள். தனித்தனியாக வாங்கினால் ஒன்றுக்கொன்று பொருந்த வைக்க ஒரு நாள் மினக்கெட வேண்டும். இரும்பு பொனட்டும் அங்கேயே பார். ஃபைபரை அலுமாரிக்குப் பின்னால் வைத்துக்கொள், ரேஸ் அன்றைக்குப் போடு.

நைட்ரேஸ்_மச்சான்:

மச்சான், சாவி லொக்கில் நான் சூடுபட்டவன், அதனால் எழுதுகிறேன்.

மட்டமாக உட்காரும் லொக்கில் பெயர்பெற்றது ஏரோகேட்ச். அதில் சாவி உள்ளது, சாவி இல்லாதது என்று இரண்டு வகையும் உண்டு. நான் வாங்கியது அதுவல்ல, அதே மாதிரி தோற்றத்தில் ஒன்லைனில் மலிவாக வருகிற பெயரில்லாத செட். போட்டு ஒரு மாதம் பெரிய சந்தோஷம். பிறகு கூட்டாளி ஒருவன் வேறு இடத்தில் அதே மாதிரி ஒன்று வாங்கினான். விளையாட்டுக்கு அவனுடைய சாவியை என் லொக்கில் போட்டுத் திருப்பினேன். திறந்தது. என்னுடையதும் அவனுடையதைத் திறந்தது. அன்றைக்கே விளங்கிவிட்டது நான் காசு கொடுத்து வாங்கியது அலங்காரம் என்று.

இன்னொன்று, நீ இருப்பது கடற்கரைப் பக்கம். அந்தச் சின்னச் சாவித் துவாரம் வானத்தைப் பார்த்து இருக்கும், மழைத்தண்ணீரும் உப்புக்காற்றும் நேரே உள்ளே போகும். எனக்கு ஆறு மாதத்தில் ஒரு பக்கம் இறுகி, சாவி பாதியில் முறிந்து, கடைசியில் என் சொந்த பொனட்டை நானே துளை போட்டுத் திறந்தேன்.

ஆமைப்பூட்டு வேண்டாம். ஓடும்போது அது ஆடி ஆடிப் பெயின்டைத் தின்றுவிடும். அதை விட முக்கியம், பூட்டு எவ்வளவு இரும்பாக இருந்தாலும் அது பிடித்திருப்பது ஃபைபரை. ஒரு பக்கம் விரலைக் கொடுத்துப் பலமாகத் தூக்கினால் பின்னைச் சுற்றியிருக்கிற ஃபைபர் பிய்ந்து வரும். கள்ளனுக்குப் பற்றரி, உனக்குப் பற்றரியும் பொனட்டும் நட்டம்.

ட்ரேட்சனி_அக்கா:

தம்பி, நான் கொட்டாஞ்சேனை. பி12 ட்ரேட் சனி, பழைய நிசான் கார், வைத்திருக்கிறேன், அதுவும் வீதியில்தான் படுக்கும். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாகக் காரை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து போன காலத்தில் ஒரு தடவை பற்றரி போனது. வாகன இறக்குமதி 2020இலேயே நின்றுவிட்டது, பழைய காரைத்தான் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தோம், சாமான் ஒவ்வொன்றுக்கும் யானை விலை. அதற்குப் பிறகுதான் நான் இந்த பொனட் விஷயத்தில் பைத்தியமானேன்.

பின் என்பது பொனட் எழும்பாமல் பிடிக்கிற சாமான். லொக் என்பது பிறத்தியார் கை உள்ளே போகாமல் தடுக்கிற சாமான். உங்கள் காரில் ஒன்று மட்டும் இருக்கிறது, மற்றது இல்லை, அவ்வளவுதான். ஃபைபரை வைத்துக்கொள்ளுங்கள், பின்னையும் வைத்துக்கொள்ளுங்கள், ஃபைபர் மெல்லிசு, அதிவேகப் பாதையில் 100இல் போகும்போது நடுவில் ஒரு லொக் மட்டும் பிடித்தால் இரண்டு மூலையும் படபடவென்று அடிக்கும். ஆனால் நடுவில் அசல் லொக் திரும்ப வரவேண்டும். கேபின் கதவு பூட்டியிருந்தால் பொனட்டும் பூட்டியிருக்கும், தனியாக ஒரு சாவி தேவையில்லை.

சிக்கல் வருகிற இடம் ஃபைபரின் அடிப்பக்கம். கொக்கி மாட்ட அச்சு மாதிரி இடம் விட்டிருப்பார்கள், ஆனால் உள்ளே இரும்பு இருக்காது. அதில் நேரே ஸ்குரூ அடித்தால் ஒரு மாதத்தில் துளை பெருத்துக் கொக்கி கையோடு வரும். இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை அந்த வளைவுக்கு ஏற்ற மாதிரி வளைத்து, உள் பக்கத்தை அரத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி எபொக்சியால் ஒட்டி, அதற்கு மேலே கொக்கியை வைத்து, ஊடுருவிப் போகிற போல்ட்டும் அகலமான வொஷரும் போட வேண்டும். முக்கியம், போல்ட் அந்த உள் தோலில்தான் நிற்க வேண்டும், மேலே பெயின்ட் அடித்த பக்கம் வரக்கூடாது. நீளத்தை அளந்து வாங்குங்கள். நான் அளக்காமல் வாங்கினவள், என் பொனட்டில் இப்போதும் ஒரு பரு இருக்கிறது.

கொக்கி லொக்கில் நேராக இறங்குகிறதா என்று பார்க்க, கொக்கி நுனியில் கொஞ்சம் கிறீஸ் தடவிவிட்டு பொனட்டை மெதுவாக இறக்கித் தூக்குங்கள், எங்கே படுகிறது என்று அடையாளம் விழும். லொக்கின் போல்ட் துளைகள் நீளவாக்கில் இருக்கும், தளர்த்தி அரக்கலாம். மூலையில் இருக்கிற ரப்பர் குமிழ்களையும் திருகி உயரம் சரிசெய்யுங்கள். பொனட்டை அறைந்து மூட வேண்டி வந்தால் எங்கேயோ பிழை, ஃபைபர் அந்த அறையைத் தாங்காது. லொக்கோடு வருகிற இரண்டாவது கொக்கியை, விரல் விட்டுத் தள்ளித் திறப்போமே அதை, மெக்கானிக் பாஸ்மார் சிலர் தேவையில்லை என்று வெட்டிவிடுவார்கள், வெட்ட விடாதீர்கள். முதல் கொக்கி நழுவினால் பொனட் கண்ணாடியில் வந்து அடிக்காமல் தடுப்பது அதுதான்.

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை இருக்கிறது. லொக்கில் கேபிள் வந்து மாட்டுகிற நெம்பு முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும். வளைத்த கம்பி ஒன்றைக் கிரில்லுக்குள்ளால் விட்டோ, பம்பருக்குக் கீழே படுத்துக் கையை விட்டோ அதை இழுக்கலாம். தெரிந்தவனுக்கு ஒரு நிமிட வேலை. நான் வெல்டிங் பாஸ் ஒருவரிடம் தகட்டை எல் வடிவத்தில் வளைத்து, லொக்கின் முன் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் மூடுகிற மாதிரி ஒரு பெட்டி செய்வித்தேன். ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிற வழியை அடைக்காமல் லொக்கின் அகலத்துக்கு மட்டும். அதைப் பிடிக்கிற போல்ட்டின் தலை பொனட் திறந்தால்தான் ஸ்பானருக்கு எட்ட வேண்டும், வெளியிலிருந்து எட்டினால் பெட்டி செய்ததில் அர்த்தமில்லை.

பயமாக இருப்பது ஒயில் மூடிதான் என்றீர்களே, அதற்கு ஒரு மலிவு வேலை. பொனட் விளிம்பும் மட்கார்டும் சந்திக்கிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில், குறுக்காக ஒரு கோடு நகப்பூச்சு. திறந்தால் வெடிக்கும். நான் ஒயில் மூடியிலும் அப்படி ஒரு கோடு போட்டிருக்கிறேன். பூட்டு இல்லை அது, ஆனால் காலையில் ஒயிலை இறக்கவேண்டுமா இல்லையா என்று சொல்லும்.

தெஹிவளை_வயர்மேன்:

இவ்வளவு மினக்கெட வேண்டாம். எலக்ட்ரிக் லொக் ஒன்று, சொலனொயிட் (மின்சாரம் கொடுத்தால் கம்பியை இழுக்கிற சாமான்) வைத்தது, போடுங்கள். உள்ளே மறைவாக ஒரு பட்டன். கேபிளும் இல்லை, இழுக்க நெம்பும் இல்லை.

நைட்ரேஸ்_மச்சான்:

பற்றரி செத்தால்?

தெஹிவளை_வயர்மேன்:

ஓம், அது சரிதான். பற்றரி பொனட்டுக்குக் கீழே, பொனட்டைத் திறக்கப் பற்றரி வேண்டும். கார் செய்பவர்களும் இதே பிரச்சினையைப் பார்த்திருக்கிறார்கள். பழைய பிரியஸில் 12 வோல்ட் பற்றரி பின்னுக்கு, டிக்கியில். பின் கதவு மின்சாரத்தில் திறப்பது. அதனால் முன் பொனட்டுக்குக் கீழே, ஃபியூஸ் பெட்டிக்குள், ஜம்ப் கொடுக்கத் தனியாக ஒரு முனை விட்டிருக்கிறார்கள். நீங்களும் பிளஸ் முனையிலிருந்து ஃபியூஸ் போட்டு ஒரு வயரைக் கேபினுக்குள் கொண்டுவந்து விட்டால், செத்த அன்றைக்கு வெளிப் பற்றரியால் லொக்கைத் திறக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அக்கா சொன்ன கேபிளே சுகம்.

லொக்கை விடுங்கள், சைரன் விஷயத்தையாவது கேளுங்கள். பழைய அலாரம் இருந்தால் அதில் பொனட் சுவிட்சுக்கு ஒரு வயர் சும்மா தொங்கும், நிறையப் பேர் மாட்டுவதே இல்லை. ஒரு அழுத்து சுவிட்ச், பொனட் எழும்பினால் வயரைப் பாடியோடு தொடுக்கும், அலாரம் கத்தும். சைரனுக்குள் தனிப் பற்றரி உள்ளதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் காரின் பற்றரி முனையைக் கழற்றியதும் அமைதியாகிவிடும். உப்புக்காற்றில் அந்தச் சுவிட்ச் பாசி பிடித்து நடுச்சாமத்தில் சும்மா கத்தும், வருடத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அங்கிளிடம் நான் வாங்கிக் கட்டியது எனக்குத்தான் தெரியும்.

பழைய_கராஜ்காரன்:

தங்கச்சி எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். கேபிள். கடற்கரைப் பக்கம் உறைக்குள் தண்ணீர் போய் உள்ளே துருப்பிடிக்கும், ஒரு நாள் கைப்பிடியை இழுத்தால் டக் என்று முறியும். லொக்கைச் சுற்றித் தகட்டுப் பெட்டி வேறு. பிறகு யார் திறப்பது? அப்படி மூடிய கார்களைத் திறக்க என்னிடம் கொண்டு வந்திருக்கிறார்கள், கிரில்லை உடைத்துத் திறந்திருக்கிறேன்.

ஆகவே கேபிள் இரண்டு போடு தம்பி. ஒன்று அசல் இடத்துக்கு. மற்றது அதே நெம்பிலிருந்து மற்றப் பக்க மட்கார்டுக்குள்ளால் கேபினுக்கு, கிளவ் பொக்ஸுக்குப் பின்னால் ஒரு வளையமாக முடியட்டும். மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளே போதும், நீளத்தைப் பார்த்து எடு. பம்பருக்குக் கீழே இரகசிய வளையம் என்று சிலர் தொங்கவிடுவார்கள், உனக்கு எட்டினால் அவனுக்கும் எட்டும். மாட்டுவதற்கு முதலே உறைக்குள் கிறீஸ் ஏற்று, பிறகு ஏற்ற முடியாது.

இரும்பு பொனட் வாங்கச் சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை.

மரைன்டிரைவ்_ஈகே3:

எல்லோருக்கும் நன்றி. பெரிய அண்ணைக்கு விசேஷ நன்றி, பஞ்சிகாவத்தையில் மூன்றாவது கடையில் நான்கு சாமானும் ஒரே காரிலிருந்து கிடைத்தன. லொக் கொஞ்சம் துரு, மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்தேன்.

ஒரு சந்தேகம். பின்னும் இருந்து லொக்கும் இருந்தால், நெருப்புப் பிடித்தால் திறக்க நேரம் எடுக்காதா? மார்ஷல் கதையை வாசித்த பிறகு நித்திரை வரவில்லை.

ட்ரேட்சனி_அக்கா:

எடுக்கும். கைப்பிடி, இரண்டு கிளிப், இரண்டாவது கொக்கி, நான்கு வேலை. ஆனால் வீதியில் பொனட்டுக்குக் கீழே நெருப்பென்றால் பொனட்டை முழுக்கத் திறப்பதே பிழை, காற்றுப் போய்ப் பிடித்து எரியும். என்ஜினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டு, கைப்பிடியை மட்டும் இழுத்தால் பொனட் ஒரு அங்குலம் எழும்பும், அந்த இடைவெளியால் அணைப்பானை அடியுங்கள். உங்கள் பின் கிளிப் மாட்டியிருந்தால் அந்த ஒரு அங்குலமும் வராது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நகரத்துக்குள் ஓடும்போது கிளிப்பை மாட்டாமல் விடுவேன், அதிவேகப் பாதையில் ஏறும்போது மட்டும் மாட்டுவேன். அணைப்பான் டிக்கியில் அல்ல, சீட்டுக்குக் கீழே, இறுக்கிக் கட்டி. நெருப்பு பெரிதென்றால் காரை விட்டுத் தள்ளிப் போய்விடுங்கள், பொனட்டுக்குப் பெயின்ட் அடித்த காசை நினைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

தெஹிவளை_வயர்மேன்:

பற்றரியையே டிக்கிக்குக் கொண்டுபோகலாமே? அப்போது பொனட்டுக்குக் கீழே களவெடுக்க என்ன இருக்கு.

பழைய_கராஜ்காரன்:

டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கு, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற சாமான். ஈகே3க்கு அதைத் தேடிக்கொண்டு எத்தனை பேர் திரிகிறார்கள் தெரியுமா? பற்றரியைப் பின்னுக்குக் கொண்டுபோவதென்றால் தடித்த கேபிள், பற்றரிக்குப் பக்கத்திலேயே பெரிய ஃபியூஸ், காற்று வெளியே போகக் குழாய் வைத்த மூடிய வகைப் பற்றரி, எல்லாம் வேண்டும். சாதாரணத் தண்ணீர்ப் பற்றரியை டிக்கிக்குள் வைத்தால் சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வரும், மூடிய இடத்தில் அது விளையாட்டில்லை. அரைகுறையாகச் செய்கிறதை விட முன்னுக்கே இருக்கட்டும். பற்றரியின் பிளாஸ்டிக் உடம்பில் சோல்டரிங் அயனால் கார் நம்பரைச் சுட்டு எழுதிவிடு. விற்க ஆள் கிடைக்காது.

மரைன்டிரைவ்_ஈகே3:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன்.

லொக் போட்டாயிற்று. அலுமினியத் தகடு ஒட்டினது தெஹிவளையில் ஒரு ஃபைபர் வேலை பாஸ், எபொக்சி இறுக ஒரு முழு நாள் விடச் சொன்னார், விட்டேன். போல்ட் நீளத்தை மூன்று தடவை அளந்தேன் அக்கா, பரு இல்லை. பெட்டித் தகடு வெல்டிங் கடையில் செய்தது, முதல் தடவை ரேடியேட்டர் விசிறியில் உரசியது, ஒரு மூலையை அரைத்த பிறகு சரி. இரண்டாவது கேபிள் கிளவ் பொக்ஸுக்குப் பின்னால். அந்த வளையத்தை இழுத்துத் திறந்து பார்த்தேன், திறந்தது, பிறகு அசல் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு நாள் அதாலேயே திறந்தேன், நம்பிக்கை வருவதற்காக. செலவு கூலியோடு சேர்த்தும் களவு போன பற்றரியின் விலைக்குக் கிட்ட வரவில்லை.

சைரனுக்கு இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டில் எனக்கும் ஒரு அங்கிள் இருக்கிறார்.

நேற்றுக் காலை பார்த்தால் இரண்டு பின் கிளிப்பும் கழன்று கம்பியில் தொங்கின. நான் மாட்டிவிட்டுத்தான் படுத்தேன். நகப்பூச்சுக் கோடு வெடித்திருந்தது, ஆனால் ஒரு மயிரிழை அளவுதான். தூக்கிப் பார்த்திருக்கிறான், வரவில்லை, போய்விட்டான். இந்தத் தடவை கிளிப்பைத் திரும்ப மாட்டிவிட்டுப் போகிற மரியாதைகூட இல்லை.

நைட்ரேஸ்_மச்சான்:

நகப்பூச்சு என்ன நிறம் மச்சான்?

மரைன்டிரைவ்_ஈகே3:

அம்மாவுடையது. மெரூன். கார் சிவப்பு, அதனால் தப்பித்தேன்.